ஏழு ஊர்ச் சேறு

எங்கள் ஊர்ச் சேறு கறுப்பு. தாமெங் ஊர்ச் சேறு மஞ்சள். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், நடந்த சண்டை முழுக்க இதைப் பற்றித்தான்.

நான் லெய்ஹா. கூசாய்க்காரி. பள்ளத்தாக்கில் கடைசி ஊர் கூசாய். மேலே இருக்கிற ஆறு ஊர்க்காரர்களும் கால் கழுவிய தண்ணீர் எங்களிடம்தான் வந்து சேரும். அறுபத்து மூன்று வீடு. எங்கள் ஊரிலிருந்து, ஏழு ஊருக்கும் தலைவர் இருக்கிற பெரிய மேட்டுக்குச் சுமை தூக்கப் போனவர்கள் உண்டு, பாய் முடையப் போனவர்கள் உண்டு. கற்றுக்கொள்ளப் போனது நான் ஒருத்திதான்.

மேட்டில் கயிறு பிடிக்கிறவர்கள் என்று பன்னிரண்டு பேர் இருந்தார்கள். முடிச்சுப் போட்ட கயிற்றையும் தண்ணீர் நிரப்பிய நீள மரத்தொட்டியையும் வைத்துக்கொண்டு எந்த இடம் உயரம், எந்த இடம் பள்ளம், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்வார்கள். அவர்களுடைய எச்சில் கிண்ணங்களை நான்கு வருடம் கழுவினேன். என் பக்கத்தில் உட்காரும்போது மூக்கைச் சுளிப்பார்கள். சுளித்த மூக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து கற்றேன். பதின்மூன்றாவது ஆளாக என் கையில் கயிற்றைக் கொடுத்தபோது, கொடுத்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன்.

அதற்கு மூன்றாம் வருடம்தான் இரண்டு குன்றுகளுக்கு நடுவே கரை போடுவது என்று முடிவாயிற்று. பிளம் பழுக்கும் நாளில் பெய்கிற மழை எங்கள் பக்கத்தில் எப்படிப் பெய்யும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மலைத் தண்ணீர் மொத்தமும் ஒரே நாளில் இறங்கி நாற்றை அடித்துக்கொண்டு போகும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் நடுவதற்குத் தண்ணீர் இருக்காது. அதற்கு முந்தின வருடம் எங்கள் ஊரில் நாற்றங்கால் எல்லாம் போயிற்று, பதினோரு பன்றி போயிற்று, என் அத்தை வீடு கூரையோடு மிதந்து போயிற்று. அத்தை மட்டும் ஒரு மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு போகிற வீட்டைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

மேட்டின் தலைவரை நாங்கள் பச்சைக்கல்லார் என்போம். உடம்பில் சதையைவிடக் கல் அதிகம். கழுத்தில் கல், கையில் கல், இடுப்பில் கண் செதுக்கிய கல். அவர் ஏழு ஊரையும் கூட்டி, கனவில் ஒரு பறவை வந்து இரண்டு குன்றுக்கு நடுவே இறகால் கோடு கிழித்தது, அங்கே கரை போடுங்கள் என்று சொன்னார். பறவை வந்திருக்கலாம், எனக்கென்ன தெரியும். ஆனால் அந்த இடத்தைக் கண்டுபிடித்தது நாங்கள் பதின்மூன்று பேர், இரண்டு கோடைக் காலம் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு. மேற்குக் குன்றில் ஒரு தாழ்ந்த வாய் இருக்கிறது, கரை நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அது வழியாகத் தானே போய்விடும் என்று முடிச்சு எண்ணிச் சொன்னது நான். பறவையின் காலில் ஓர் அட்டைகூட ஒட்டியிருக்காது.

பேச்சு என்னவென்றால், சோறு மேட்டுடையது, சேறு ஊருடையது. ஒவ்வொரு ஊரும் தன் குளத்துச் சேற்றை முழ நீளத்துக்கு வெட்டி, நாணலால் சுற்றி, மூங்கில் நாரால் மூன்று இடத்தில் கட்டி, தெப்பத்தில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பொதி என்று பெயர். ஓர் ஆள் தோளில் ஒரு பொதி. பொதி மேல் பொதி அடுக்கினால் கரை.

குளிர்காலம் முழுக்க வேலை நடந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவ்வளவு சந்தோஷமான குளிர்காலத்தை நான் பார்த்ததில்லை. ஏழு ஊர் ஒரே இடத்தில் சேர்ந்ததே கிடையாது. ஒருவர் ஊறுகாயை இன்னொருவர் நக்கிப் பார்ப்பதும், யார் ஊர்ப் பாட்டு எட்டக் கேட்கிறது என்று பந்தயம் வைப்பதும், மதியச் சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போதே இரண்டு கல்யாணம் நிச்சயமாவதும், ஒரு நிச்சயம் அதே வரிசையில் முறிவதுமாக ஒரே கூத்து.

கரை இடுப்புயரம் வந்தபோது கூசாயில் பயம் வந்தது. கரை எங்கள் தலைக்கு மேலே நிற்கிறது. உடைந்தால் வெள்ளத்துக்கு முதல் கவளம் நாங்கள்தான். குன்றுச் சரிவுக்குப் போய்விடலாம், இந்த வருடம் விதைக்க வேண்டாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். ஊர்த்தலைவர் என் சித்தப்பா துன்வே. எல்லாரையும் உட்கார வைத்து, எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்.

"நீ கயிறு பிடிச்சவ. நிக்குமா நிக்காதா, ஒரே வார்த்தையில சொல்லு. சுத்தி வளைக்காத."

நிற்கும் என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்கு அறுபத்து மூன்று வீடும் இருந்த இடத்திலேயே இருந்தது. வைத்திருந்த விதைநெல் முழுவதையும் நாற்றங்காலில் போட்டார்கள். வீட்டை இழந்த அத்தை, அதே இடத்தில் புது வீடு கட்டினாள்.

மழைக்கு இருபது நாள் இருக்கும்போது கரை முடிந்தது. முன்மழை கொஞ்சம் பெய்து உள்ளே ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. ஒரு காலையில் கரையின் அடிவாரத்தில், கூசாய் பக்கமாக நடந்தேன். நூல் பிடித்த மாதிரி கசிவு. ஓர் இடத்தில் இல்லை, ஆறு இடத்தில். ஏழு ஊருக்கு நடுவே எத்தனை சந்து இருக்குமோ அத்தனை.

ஏன் என்று எனக்கு உடனே தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் செத்தவர்களை வீட்டு மேட்டிலேயே புதைப்போம். மழையில் கரைந்து அந்த மண் குளத்துக்குப் போகும். குளத்துச் சேறு என்றால் எங்கள் ஆட்கள். தாமெங் சேறு என்றால் தாமெங் ஆட்கள். ஒரு ஊர்ச் சேற்றின் மேல் இன்னொரு ஊர்ச் சேறு படக்கூடாது. பட்டால் கீழே இருக்கிறவர்களின் நெஞ்சில் மிதித்த மாதிரி. அதனால் ஏழு ஊரும் தத்தம் பங்கை அடியிலிருந்து உச்சிவரை நேராக, தனித்தனியாக எழுப்பியிருந்தார்கள். சண்டைக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுபோல் ஏழு கரை நின்றது. ஒரு கரை இல்லை.

பொதிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கோத்து நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தொடக்கத்தில் மேட்டில் ஒருமுறை சொல்லவும் செய்தேன். ஊர்கள் ஒத்துக்கொள்ளாது, நெருக்கி அடுக்கினால் போதும் என்றார்கள் பன்னிரண்டு பேரும். நான் வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் வாயை மூடியது மொத்தம் நான்கைந்து தடவை இருக்கும். அதில் ஒன்று இது. பிறகு அதே வாயால் ஊரில் போய் நிற்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. மண்ணோடு வந்தால்தான் உள்ளே அரிக்கிறது என்று பொருள். எங்கள் பங்குக்கும் தாமெங் பங்குக்கும் நடுவே இருந்த சந்தில் கலங்கலாக வந்தது. விஷயம் பரவி, சித்தப்பாவும் தாமெங் தலைவி பூகோவும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

பூகோவுக்கு ஐம்பது வயது, பன்றி விரட்டிப் பழகிய குரல். முப்பது வருடத்துக்கு முன்னால் அவளுடைய அக்காவுக்கும் என் சித்தப்பாவுக்கும் கல்யாணம் பேசியிருந்தார்கள். பெண் வீட்டிலிருந்து வந்த சீர்ப்பன்றி ஒல்லி. எங்கள் ஆட்களில் ஒருவன், பன்றி எங்கே, நாயை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டான். கல்யாணம் நின்றது. அதன் பிறகு இரண்டு ஊருக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. சித்தப்பா வேறு இடத்தில் கட்டி நான்கு பிள்ளை பெற்றுவிட்டார். ஆனாலும் அதை ஞாபகப்படுத்துவதற்கென்றே பூகோ அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள்.

"உங்க மண்ணுதான் கரையுது மச்சான். பாரு, கறுப்பா வருது."

"உன் கண்ணுதான் கரைஞ்சு போச்சு. மஞ்சளா வருது. உங்க மண்ணு தண்ணியப் பாத்தாலே எடுக்கும் ஓட்டம். ஆளுங்க மாதிரியே."

நான் அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து இருவர் மூக்குக்கு நேராகவும் நீட்டினேன். இரண்டு நிறமும் இருந்தது. இருவரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, அடுத்தவர் மண் அதிகம் என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

நேராக மேட்டுக்குப் போனேன். பச்சைக்கல்லார் தன் பெட்டியிலிருந்து கற்களை எடுத்துப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார். கசிவு செய்தி எனக்கு முன்னாலேயே போய்விட்டது. ஆறு சந்துக்கும் ஆறு கல், கண் செதுக்கியது, நல்லதாகப் பார்த்துப் புதைக்கப் போகிறாராம். சுற்றி நின்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கல்லு தண்ணியத் தடுக்காதுங்க. பொதி மேல பொதி ஏறணும், விரலோட விரல் கோத்த மாதிரி. ஆறு சந்தையும் பாதி அகலத்துக்கு வெட்டி எடுத்துட்டு, ரெண்டு ஊர் பொதியும் மாத்தி மாத்தி அடுக்கணும். பத்து நாள் வேணும்."

அவர் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். எனக்கு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் தலையிலிருந்த கனத்த அணியைக் கழற்றிக் கீழே வைத்தார். நெற்றியில் அது பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. வழுக்கை. இவ்வளவுதானா இந்த ஆள் என்று தோன்றியது.

"நீ சொல்றது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா? அடுத்தவன் மண்ணு மேல உன் மண்ணப் போடுன்னு நான் சொன்னேன்னு வையி, ஏழு ஊரும் தெப்பத்தத் திருப்பிக்கிட்டுப் போயிரும். இழுத்துட்டு வர எங்கிட்ட என்ன இருக்கு? நான் சொன்னா எல்லாரும் கேப்பாங்கன்னு ஒவ்வொருத்தனும் நம்புறான். அதனால கேக்கறாங்க. ஒரே ஒரு தடவ கேக்காமப் போனாங்கன்னா, அப்புறம் நான் கழுத்துல கல்லு கட்டின ஒரு ஆளு. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு நெற்றித் தடத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"சோறு நான் போடறேன். பேச்சு நீ பேசு. நடந்துச்சுன்னா மறுபடி பறவ வந்துச்சுன்னு சொல்லிக்குவேன்."

"நடக்கலைன்னா?"

"உன் கயிறு தப்புன்னு சொல்லுவேன்."

முகத்துக்கு நேராகச் சொன்னார். முழு ஆத்திரத்தோடு போனவள், பாதி ஆத்திரத்தோடு திரும்ப வேண்டியதாயிற்று. அது எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்த நான்கு நாள் பேசினேன். வீணாய்ப் போன நான்கு நாள். எங்கள் ஊரில் சித்தப்பா, கரை உடைந்தால் தண்ணீர்தான் வரும், தாத்தா மேல் தாமெங்காரன் ஏறினால் நாங்கள் எந்த முகத்தோடு வீட்டில் படுப்பது என்றார். தாமெங்கில் பூகோ என்னை உட்கார வைத்து, மீன் சுட்டுக் கொடுத்து, வயிறாரச் சாப்பிட வைத்துவிட்டு, மாட்டேன் என்றாள். அதைக் கேட்க முதலில் மச்சானை அனுப்பு, வரும்போது ஒரு நாயையும் பிடித்துக்கொண்டு வரச்சொல் என்றாள். அவளுக்குப் பின்னால் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். திரும்பும் வழியில் கரையடியில் பார்த்தால் அந்தச் சந்தில் கசிவு கட்டைவிரல் பருமன் ஆகியிருந்தது. சந்துக்கு நேர் கீழே, கொஞ்ச தூரத்தில், அத்தையின் புது வீட்டுக் கூரை தெரிந்தது.

ஐந்தாம் நாள் இரண்டு ஊரையும் கரையடிக்கே வரவழைத்தேன், கசிவைக் கண்ணால் பாருங்கள் என்று. பார்த்தார்கள். பார்த்த பிறகும் அதே சண்டைதான். வெயில் ஏறியது. சித்தப்பாவுக்கு முழங்கால் வலி. கத்திக் கத்தி ஓய்ந்துபோய், பக்கத்தில் கிடந்த மிச்சப் பொதி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். கவனிக்கவில்லை, அது தாமெங் பொதி.

பூகோ போட்ட சத்தத்தில் மரத்துக் கொக்கெல்லாம் பறந்தது. எங்க அப்பன் ஆத்தா மேல உட்கார்ந்துட்டான் என்று இரு ஊருக்கும் கேட்கக் கத்தினாள். தாமெங் ஆண்கள் தடியை எடுத்தார்கள். எங்கள் ஆட்கள் பதிலுக்குத் துடுப்பை எடுத்தார்கள். சித்தப்பாவுக்கு முழங்கால் அப்படி, சட்டென்று எழ முடியாது. எழ முடியாத மனிதன் வீம்பு பேசத்தானே வேண்டும்.

"நான் எங்க உங்க மண்ணு மேல உக்காந்தேன்? நாணல் மேல உக்காந்திருக்கேன். நாணல் என்ன உங்க தாத்தனா? அது ஆத்தோரம் வளந்தது. யாருக்கும் சொந்தமில்ல. நாள் பூரா உக்காருவேன்."

சொல்லிவிட்டு இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

நான் அவரைப் பார்த்தேன். பொதியைப் பார்த்தேன். அப்புறம் நானும் போய் அவர் பக்கத்தில் அதே பொதியில் உட்கார்ந்தேன்.

"அத்தை, இவர் சொல்றது சரியா தப்பா, நீங்களே சொல்லுங்க" என்றேன் பூகோவிடம். "நாணல் யாருது?"

நாணல் யாருடையதும் இல்லை என்று அவள் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சதுப்பு நாணலை ஏழு ஊரும் அறுக்கும், வரப்பு கிடையாது. அப்படியென்றால் நாணல் சுற்றிய பொதியின் மேல் நாணல் சுற்றிய பொதியை வைத்தால் மண் மேல் மண் படுமா என்று கேட்டேன். நாணல் மேல் நாணல்தானே படும்.

கூட்டத்தில் ஒருவன் இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தான். பூகோ சித்தப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"முப்பது வருஷத்துல இந்த ஆளு வாயிலேருந்து வந்த மொத நல்ல வார்த்த. அதுவும் திமிருல வந்தது" என்றாள்.

அதே நாள் வெட்ட ஆரம்பித்தோம். மற்ற ஊர்களுக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கூசாயும் தாமெங்குமே ஒத்துக்கொண்டு விட்டதாம் என்றால், நம் ஊர்களுக்கு என்ன கேடு என்று ஆறு சந்திலும் இறங்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் படிப்படியாக வெட்டுவது, எங்கள் பொதி ஒன்று குறுக்கே, அவர்கள் பொதி ஒன்று அதன் மேல், மறுபடி எங்களுடையது. யார் முதலில் கீழே என்று அரை நாள் சண்டை நடந்தது. பூகோவும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பொதியை வைத்து அதைத் தீர்த்தார்கள். வைக்கும்போது ஒருவர் கையை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். மேட்டிலிருந்து சோறு வந்துகொண்டே இருந்தது, சொன்னபடி. நத்தைக் குழம்புகூட ஒருநாள் வந்தது. கழுத்தில் கல் கட்டின ஆள் வாக்கு மாறவில்லை.

ஆறு நாள் நன்றாகப் போயிற்று. ஏழாம் நாள் நாணல் தீர்ந்தது. குளிர்காலத்தில் அறுத்த முற்றின நாணல்தான் கட்டு தாங்கும். அந்த மாதத்தில் சதுப்பில் இருந்தது பச்சைக் குருத்து. வேறு வழியில்லாமல் அதையே அறுத்துச் சுற்றினோம். எட்டாம் நாள் காலையில் மழை பிடித்தது. முன்மழை இல்லை, அதுவே வந்துவிட்டது. கணக்குக்கு ஐந்து நாள் முன்னாலேயே. எங்கள் சந்தில் இன்னும் ஒரு ஆள் உயரம் பாக்கி.

சித்தப்பா மேல்படியில், பூகோ கீழ்ப்படியில், நடுவில் நான் கயிற்றோடு. பூகோ தோளிலிருந்து ஒரு பொதியை ஏற்றினாள். சித்தப்பா வாங்கினார். குருத்து நாணல் வழுக்கி, நார் அறுந்து, பொதி வாயைப் பிளந்தது. மஞ்சள் சேறு மொத்தமும் எங்கள் கறுப்புப் படியில் கொட்டி, வழிந்து, பரவியது.

எல்லாரும் அப்படியே நின்றார்கள். பின்னால் தாமெங்காரன் ஒருவன் தன் பொதியைக் கீழே வைத்தான். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் மண்வெட்டிக் கட்டையை வைத்தார்கள். போய்விடப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. குன்றிலிருந்து தண்ணீர் இறங்குகிற இரைச்சல் கேட்டது. அறுபத்து மூன்று வீடு. என் வாயில் ஒரு வார்த்தையும் வரவில்லை. ஒரு நாளும் இல்லாத திருநாளாக.

பூகோ குனிந்து தன் காலைப் பார்த்தாள். கணுக்கால்வரை கறுப்பு. அதற்கு மேல் முழங்கால்வரை மஞ்சள். ஒரு காலைத் தூக்கி விரல்களை விரித்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள்.

"எட்டு நாளா என் கால்விரல் சந்துல உங்க தாத்தன்தான் இருக்கான் மச்சான்" என்றாள். "அவனும் ஒண்ணும் சொல்லல, எனக்கும் ஒண்ணும் ஆகல. இதுக்கு மேல என்னத்த ஆகப் போவுது? மிதிங்கடா."

சொல்லிவிட்டு அவளே ஏறிவந்து மிதிக்க ஆரம்பித்தாள். சித்தப்பா அவளைப் பார்த்தார். முழங்கால் வலியோடு அவரும் மிதித்தார். மஞ்சளும் கறுப்பும் காலடியில் ஏறி இறங்கிக் கலந்து, பெயர் சொல்லத் தெரியாத ஒரு நிறம் ஆயிற்று. முதலில் பத்துப் பேர் ஏறினார்கள், பிறகு முப்பது பேர். அதன் பிறகு யாரும் நாணலைத் தேடவில்லை. கூடையில் சேற்றை அள்ளிக் கொட்டு, மிதி, கொட்டு, மிதி. தாமெங் பாட்டை எங்கள் ஆட்கள் தப்பும் தவறுமாகப் பாடினார்கள். மற்ற சந்துகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், கொஞ்ச நேரம் முகம் கோணினார்கள், பிறகு அங்கேயும் மிதிக்கிற சத்தம் கேட்டது. என் அத்தை மழையில் நனைந்துகொண்டே, என் வீடு போன வருஷம் இப்படித்தான் ஆடிக்கொண்டே போச்சு என்று ஆடிக்காட்டினாள். சிரித்துச் சிரித்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். பொழுது சாய்வதற்குள் சந்து மேலேறிவிட்டது.

மழை ஒன்பது நாள் பெய்தது. தண்ணீர் ஏறிக்கொண்டே போனது, நாளுக்கு மூன்று முடிச்சு, நான்கு முடிச்சு. ஆறாம் நாள் மேற்குக் குன்றின் தாழ்ந்த வாயைத் தொட்டது. தொட்டு, நின்று, யோசித்த மாதிரி இருந்து, அந்தப் பக்கமாக வழிந்து போயிற்று. நான் எண்ணின முடிச்சுப்படியே. அந்தக் காலையில் கரையடியில் போய் ஆறு சந்தையும் உள்ளங்கையால் தடவினேன். ஈரம் இருந்தது. கையைத் திருப்பிப் பார்த்தால் மண் ஒட்டவில்லை. அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் மழை என்று சொல்லியிருப்பேன்.

கூசாயில் அந்த வருடம் நாற்று ஒன்றுகூடப் போகவில்லை. நடவு முடிந்து கோடை வந்தபோதும் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பச்சைக்கல்லார் ஏழு ஊரையும் கூட்டி, பறவை மறுபடி வந்து, மண்ணோடு மண் கலக்கச் சொன்னது என்று அறிவித்தார். சொன்னபோது என் பக்கம் திரும்பவில்லை. கூட்டம் கலைந்ததும் என் கையில் ஒரு சின்னப் பச்சைமணியைத் திணித்துவிட்டுப் போனார். வீசியெறியலாம் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊரிலிருந்து கற்றுக்கொள்ள இன்னும் நான்கு பெண்களை மேட்டில் சேர்த்தால் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். சேர்த்தார். மணி இப்போது என் கயிற்றின் நுனியில் தொங்குகிறது, நல்ல கனம், கயிறு நேராக நிற்க உதவுகிறது.

அறுவடைக்கு முன் கரையில் களை பிடுங்கும் நாள் வந்தது. பேச்சுப்படி ஒவ்வொரு ஊரும் தன் பங்கில் பிடுங்க வேண்டும். எங்கள் பங்கு எதுவரை, தாமெங் பங்கு எதுவரை என்று அளந்து காட்டச் சொல்லி சித்தப்பாவும் பூகோவும் என்னைக் கூட்டிப் போனார்கள். கயிறு போட்டேன். புல் ஒரே மாதிரி வளர்ந்து கிடந்தது. ஓரிடத்தில் தோண்டினேன், நிறம் தெரியவில்லை. நான்கு அடி தள்ளித் தோண்டினேன், அங்கும் தெரியவில்லை. எட்டு அடி தள்ளியும் அதே கலவைதான். மிதித்த வேகத்தில் எங்கெங்கோ போட்டிருக்கிறார்கள்.

"நாலு வருஷம் மேட்டுல என்னத்தக் கத்துக்கிட்ட?" என்றாள் பூகோ.

தெரியவில்லை, எல்லாரும் எல்லாவற்றையும் பிடுங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏழு ஊரும் என்னைத் திட்டிக்கொண்டே வரிசையாக இறங்கிப் பிடுங்கினார்கள். ஆற்று முகத்துவாரத்திலிருந்து உப்புப் படகு கொண்டுவந்த ஒருவன் கீழிருந்து, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டான். ஏழு பதில் ஒரே நேரத்தில் போயிற்று. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரோ சலித்துப்போய், கரைக்காரங்கப்பா, உப்ப எறக்கு என்றார்கள்.

மாலையில் தாமெங்கிலிருந்து பன்றி வந்தது. கேட்டு வாங்கியதல்ல, அவர்களாகவே அனுப்பியது. எட்டுப் பேர் இரண்டு கம்பில் தூக்கி வந்தார்கள், இறக்கி வைத்தபோது கம்பு நிமிர மறுத்தது. கூசாய் முழுக்கச் சுற்றி நின்றது. சித்தப்பா அருகில் போய் அதன் முதுகைக் கட்டைவிரலால் அழுத்தினார். விலாவை அழுத்தினார். காதைப் பிடித்துப் பார்த்தார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு பூகோ காத்திருந்தாள்.

"பரவால்ல" என்றார் சித்தப்பா கடைசியில். "கொஞ்சம் ஒல்லிதான்."

பூகோ குனிந்து ஒரு பிடி சேற்றை அள்ளி அவர்மேல் எறிந்தாள். குறி தவறி அது என் முகத்தில் விழுந்தது.